ஒலிவாங்கிக்கு முன்னால் ஜெபம்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

சுங்கை சிப்புட் ஆசிரியை:

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊர்ப் பெயர் செய்தியில் அடிபடுவதற்குக் காரணங்கள் அதிகம் இல்லை. 1948 ஜூன் 16-இல் தோட்டத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டு, நாடே அவசரகாலத்துக்குள் போனது ஒன்று. மலேசிய இந்தியர் காங்கிரஸின் (ம.இ.கா.) தலைவராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் என்பது இன்னொன்று. 2008 பொதுத்தேர்தலில் அப்போதைய ம.இ.கா. தலைவர் சாமிவேலு இங்கே தோற்றபோதும் கொஞ்ச நாள் பேசினார்கள். மற்றபடி செம்பனைக்கும் (பாமாயில் தரும் பனை) மிச்சமிருக்கும் ரப்பருக்கும் நடுவே நாங்கள் பாட்டுக்கு இருக்கிறோம். அதனால்தான், தொலைக்காட்சிக்காரர்கள் வருகிறார்கள், தோட்டத்து மக்கள் சார்பில் நீங்கள்தான் பேச வேண்டும் என்று போதகர் சொன்னதும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

விஷயம் இதுதான். நான் பிறந்த தோட்டம் கைமாறிவிட்டது. லயத்து வீடுகளை, அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளை, காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. தொழிலாளர்களுக்கு வீடு, தண்ணீர், ஆயாக்கொட்டகை (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) எல்லாம் எந்தத் தரத்தில் இருக்க வேண்டும் என்று 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் விவரமாகச் சொல்கிறது. வேலை போன பிறகு தாத்தா காலத்து வீடு யாருக்கு என்று கேட்டால் அந்தச் சட்டம் கைகொடுப்பதில்லை. இதைத்தான் நான் இரண்டு நிமிடத்தில், அதுவும் தேசிய மொழியான மலாயில் சொல்ல வேண்டும். ஓய்வு பெறும்வரை தமிழ்ப்பள்ளியில் தமிழிலேயே பேசிப் பழகிய நாக்கு இது.

சபையில் ஆளுக்கொரு வசனம் தந்தார்கள். பெரும்பாலோர் தந்தது மத்தேயு 10:19. என்ன பேசுவோம் என்று கவலைப்படாதிருங்கள், அந்நேரத்தில் அருளப்படும் என்பது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அது விசுவாசத்துக்காகப் பிடித்துக்கொண்டு போகப்படுகிறவர்களுக்குச் சொன்ன வாக்கு. வீட்டுப்பாடம் செய்யாமல் போகிறவர்களுக்குச் சொன்னதல்ல. எனவே கடிதத்தின் தேதி, குடும்பங்களின் பட்டியல், யார் எத்தனை வருடம் வேலை செய்தார்கள் என்பதையெல்லாம் வாலிபர் குழுவைக் கூட்டி உட்கார்ந்து எழுதினோம்.

அன்று காலை பசியாற முடியவில்லை. மூப்பர் ஒருவர் வீட்டுக்கு வந்து நீளமாக ஜெபித்தார். “ஆண்டவரே, நாடே பார்த்துக்கொண்டிருக்கப்போகிறது” என்று அவர் தொடங்கியதும் எனக்கு இருந்த கொஞ்ச தைரியமும் போயிற்று. நல்ல மனிதர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பேட்டிக்குப் போகிறவருக்காக ஜெபிப்பவர்கள் தயவுசெய்து பார்வையாளர் கூட்டத்தை நினைவூட்டாதீர்கள்.

எனக்கு உதவியது வேதாகமத்தில் ராஜாவுக்குத் திராட்சரசம் பரிமாறும் நெகேமியா. ராஜா, “உனக்கு என்ன வேண்டும்?” என்று கேட்கிறார். நெகேமியா பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணிவிட்டுப் பதில் சொல்கிறார். கையில் திராட்சரசப் பாத்திரத்தோடு நிற்பவர் எவ்வளவு நேரம் ஜெபித்திருப்பார்? ஒரு மூச்சு நேரம் இருக்கலாம். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே அந்த ஒரு மூச்சை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். அதில் சொல்வதற்கு 141-ஆம் சங்கீதத்தின் வரி: “கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும்.” வார்த்தை கொடும் என்று கேட்கவில்லை, வாயைக் காத்துக்கொள்ளும் என்று மட்டும் கேட்டேன்.

பேட்டி ஜெபவீட்டுக்கு முன்னால் நடந்தது. பக்கத்திலேயே மாரியம்மன் கோயில். முதல் கேள்விகள் சுலபம். பிறகு பேட்டி எடுக்க வந்த தம்பி சிரித்துக்கொண்டே கேட்டார்: “கோயிலுக்கு மாற்று நிலம் தருவதாகச் சொல்லிவிட்டார்களாமே, உங்கள் ஜெபவீட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. வருத்தமாக இல்லையா?”

வருத்தம் இருந்தது. அதுதான் ஆபத்து. நாக்கு நுனிவரை ஒரு பதில் வந்துவிட்டது. அது வெளியே வந்திருந்தால் அன்று மாலையே ஒரே லயத்தில் இரண்டு கட்சி ஆகியிருக்கும். அந்த ஒரு மூச்சில் ஜெபித்தேன். என் அப்பா ஆடித் திருவிழாவுக்குப் பந்தல் கட்டப் போவார். கிறிஸ்துமஸ் இரவில் கோயில் பண்டாரம் வீட்டுக்கு வந்து பலகாரம் சாப்பிடுவார். அது நினைவுக்கு வந்தது. “கோயிலுக்கு நிலம் கிடைத்தால் எங்களுக்கும் சந்தோஷம்தான். இப்போது வீட்டைப் பற்றிக் கேளுங்கள்” என்றேன். என் மலாய் இலக்கணம் அந்த வாக்கியத்தில் தள்ளாடியது. பரவாயில்லை.

அடுத்து, நிலத்தை வாங்கியவர்களுக்குப் பின்னால் எந்த அரசியல்வாதி என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் நின்றேன்.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

—

ஓய்வு பெற்ற நிருபர், ஈப்போ:

அக்கா, நான் மறுபக்கத்தில் நின்றவன். தமிழ் நாளிதழில் காலம் ஓட்டினேன். அந்தத் தம்பி பேசாமல் நின்றாரே, அது பழைய வித்தை. பதில் முடிந்ததும் நாங்கள் அடுத்த கேள்வியைக் கேட்க மாட்டோம். எதிரில் இருப்பவருக்கு அந்த மௌனம் தாங்காது. எதையாவது சொல்லி நிரப்புவார். தலைப்புச் செய்தி பெரும்பாலும் அங்கேதான் விழும். நீங்கள் நிரப்பவில்லை. அவர் வண்டியில் ஏறியதும் முணுமுணுத்திருப்பார்.

இன்னொன்று. ஒலிவாங்கியைச் சட்டையிலிருந்து கழற்றும்வரை பேட்டி முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். “சும்மா கேட்கிறேன்” என்று கேட்பதும் கேள்விதான். நான் சாமி கும்பிடுகிறவன், ஜெபத்தைப் பற்றி எனக்குக் கருத்து இல்லை. ஆனால் கேள்விக்குப் பிறகு ஒரு கணம் எடுத்துக்கொள்கிறவர்களின் பதிலை வெட்டி ஒட்டுவது கடினம். வாக்கியம் முழுதாக வந்துவிடுகிறது.

—

உபதேசியார், பாகான் செராய்:

2009 டிசம்பர் 31 தீர்ப்பு நினைவிருக்கும். கத்தோலிக்க வார இதழான ஹெரால்டு தன் மலாய்ப் பகுதியில் கடவுளைக் குறிக்க ‘அல்லாஹ்’ என்ற சொல்லைப் பயன்படுத்தலாம் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. (அந்தத் தீர்ப்பு 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் மாறியது, 2014-இல் கூட்டரசு நீதிமன்றமும் மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்துவிட்டது.) முதல் தீர்ப்பு கிளப்பிய கோபத்தில் 2010 ஜனவரியில் கோலாலம்பூரில் தொடங்கித் தைப்பிங் வரை தேவாலயங்கள் தாக்கப்பட்டன. எங்களுக்கு எதுவும் ஆகவில்லை, பயம் மட்டும் வந்தது.

அந்த வாரத் திருப்பலி முடிந்து சாமியார் (பாதிரியார்) அடுத்த சிற்றாலயத்துக்குக் கிளம்பிவிட்டார். வாசலில் நிருபர் ஒருவர். என்னைப் பிடித்துக்கொண்டார். கோபமாக இருக்கிறீர்களா, பயமாக இருக்கிறதா, அந்தச் சொல்லை விட்டுவிடுவீர்களா என்று அடுக்கினார். நான் ஒப்பந்தத்துக்குச் செம்பனைக் குலை வெட்டுகிறவன். நீதிமன்ற விவகாரம் எனக்கு எதற்கு?

சட்டைப்பையில் செபமாலை இருந்தது. ஒரு மணியைப் பிடித்துக்கொண்டு அருள்நிறை மரியே சொன்னேன், மனதுக்குள். முழுவதும். நிருபர் காத்திருந்தார், பாவம். பிறகு எனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னேன்: இன்று பூசைக்கு எல்லோரும் வந்தார்கள், பக்கத்துக் கம்பத்து (மலாய்க் கிராமத்து) பெரியவர் ஒருவர் காலையிலிருந்து வாசலில் எங்களோடு நின்றார், இப்போது போய்ச் சாப்பிடப்போகிறோம். அவ்வளவுதான் என் பேட்டி. எங்கும் வெளிவந்ததாகத் தெரியவில்லை. அதற்கும் நன்றி சொல்லிக்கொண்டேன்.

—

கிள்ளான் தம்பி:

மன்னிக்கவும், குதர்க்கமாகக் கேட்கவில்லை. நீங்கள் மூவரும் சொல்வது மூச்சுப் பயிற்சிதானே? மெதுவாக மூச்சை விட்டால் நெஞ்சுப் படபடப்பு குறையும். இதற்கு ஆண்டவர் எதற்கு?

—

சுங்கை சிப்புட் ஆசிரியை:

தம்பி, மூச்சுப் பயிற்சியும் செய்தேன், நல்லதுதான். படபடப்பு குறைந்தது. ஆனால் படபடப்பு குறைந்த நிலையிலும் கோயிலைப் பற்றி அந்தக் கசப்பான பதிலைச் சொல்லியிருப்பேன்; இன்னும் தெளிவான உச்சரிப்பில் சொல்லியிருப்பேன். ஜெபித்தபோது, கேள்வி கேட்பவருக்குப் பதில் சொல்கிறேன் என்ற எண்ணம் போய், வேறொருவர் கேட்டுக்கொண்டிருக்க அவர் முன்னால் பேசுகிறேன் என்ற எண்ணம் வந்தது. அவருக்கு என் வருத்தம் ஏற்கெனவே தெரியும். அதைத் தொலைக்காட்சியில் கொட்ட வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

நிருபர் ஐயா, நீங்கள் சொன்னது சரிதான். ஒளிபரப்பில் என் முகம் வந்தது கொஞ்ச நேரம்தான். கோயில் கேள்வி வரவேயில்லை. வீட்டைப் பற்றிச் சொன்னது அப்படியே வந்தது.

வீடு என்ன ஆயிற்று என்று சிலர் தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டு போகிறது. அடுத்த வாரம் வேறொரு செய்தியாளர் வருகிறார். இந்த முறை ஜெபவீட்டு வாசலில் வேண்டாம், கோயில் வாசலில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன். கோயில் தலைவர் பக்கத்தில் நிற்பார். அவருக்கு மலாய் என்னைவிட நன்றாக வரும்; கோபமும் என்னைவிடச் சீக்கிரம் வரும். அதனால் கோயிலைப் பற்றிக் கேட்டால் நானும், ஜெபவீட்டைப் பற்றிக் கேட்டால் அவரும் பதில் சொல்வது என்று பேசி வைத்திருக்கிறோம்.