ஏடிமெகா கடிகாரம் கட்ட என்னென்ன வாங்க வேண்டும்?

ஒத்தை எல்இடி:
டிஜிட்டல் கடிகாரம் ஒன்றின் பிசிபியும் (சர்க்யூட் போர்டு) உதிரிகளும் வாங்கி வைத்திருக்கிறேன். கடிகாரத்தை இயக்கும் ஐசி (மைக்ரோகண்ட்ரோலர்) ஏடிமெகா328பி, 28 கால், புரோகிராம் ஏற்றாதது. ஐசிக்கு வேகத் துடிப்பு தரும் கிரிஸ்டல் 16 மெகாஹெர்ட்ஸ். கையில் இருப்பது அப்பா டிவி ரிப்பேருக்கு வைத்திருந்த 25 வாட் சால்டரிங் அயர்ன் மட்டும்தான். சனிக்கிழமை சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிறேன். சால்டரிங் ஸ்டேஷன் கட்டாயமா?

புகைவிட்ட ஐசி:
வேண்டாம், அப்பாவின் அயர்னே போதும். பிட் கறுத்து அரித்திருந்தால் அதை மட்டும் மாற்றுங்கள். காசை ஈயத்தில் போடுங்கள்: 63/37 (63% வெள்ளீயம், 37% காரீயம்), 0.8 மி.மீ., உள்ளே ஃப்ளக்ஸ் (ஈயம் நன்றாகப் பிடிக்க உதவும் பசை) இருப்பது. 183 டிகிரியில் உருகும், கையை எடுத்ததும் உறைந்துவிடும். நான் முதலில் பெயரில்லாத மலிவுச் சுருள் வாங்கினேன். கடிகாரம் தட்டினால் ஓடும், இல்லாவிட்டால் நிற்கும். ஒரு மாதம் புரோகிராமைத் திட்டிக்கொண்டிருந்தேன், கடைசியில் பார்த்தால் கிரிஸ்டல் காலில் டிரை சால்டர், அதாவது ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை!

அப்புறம் கால்களை நறுக்க நிப்பர், வேண்டாத ஈயத்தை உறிஞ்சி எடுக்க டீசால்டர் விக், பீப் அடிக்கும் மல்டிமீட்டர். 28 கால் சாக்கெட்டும் வாங்குங்கள், குறுகலானது என்று சொல்லிக் கேளுங்கள், அகலமானதும் உண்டு. ஐசியைச் செருகுமுன் 7ஆம் காலிலும் 20ஆம் காலிலும் 5 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள்.

ஒத்தை எல்இடி:
புரோகிராம் ஏற்ற? தம்பியிடம் அர்டுயினோ ஊனோ போர்டு இருக்கிறது.

ஜம்பர் ஒயர்:
அதுவே போதும். 'அர்டுயினோ ஐஎஸ்பி' ஸ்கெட்சை (அர்டுயினோ புரோகிராமுக்கு இந்தப் பெயர்) ஊனோவில் ஏற்றுங்கள், ஊனோவே ஐசிக்குப் புரோகிராமர் ஆகிவிடும். ஊனோவின் 11, 12, 13 முறையே ஐசியின் 17, 18, 19ஆம் கால்களுக்கு. 10 ஐசியின் 1ஆம் காலுக்கு. 5 வோல்ட்டும் கிரவுண்டும் மறக்காதீர்கள். ஸ்கெட்ச் ஏறிய பிறகு ஊனோவின் ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், மைனஸ் கால் கிரவுண்டில்.

ஒத்தை எல்இடி:
ஏற்றிவிட்டேன், ஓடுகிறது! ஆனால் ஒரு நிமிடம் நகர 16 நிமிடம் ஆகிறது. சால்டரிங் தப்பா?

புகைவிட்ட ஐசி:
சால்டரிங்கைக் குறை சொல்லாதீர்கள், இது ஃபியூஸ் விஷயம் (எரிந்துபோகும் ஃபியூஸ் இல்லை, ஐசிக்குள் இருக்கும் செட்டிங்). புது ஐசி கிரிஸ்டலைக் கண்டுகொள்ளாது. உள்ளேயிருக்கும் 8 மெகாஹெர்ட்ஸை எட்டால் வகுத்து 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும். அர்டுயினோ மென்பொருளில் போர்டு ஊனோ என்றும் புரோகிராமர் 'அர்டுயினோ ஆஸ் ஐஎஸ்பி' என்றும் வைத்து 'பர்ன் பூட்லோடர்' அழுத்துங்கள், ஃபியூஸ் மாறிவிடும். ஏற்றியது அழிந்துபோகும், மறுபடி ஏற்றுங்கள்.

ஒத்தை எல்இடி:
சரியாகிவிட்டது. தம்பிதான் ஊனோவைத் திருப்பிக் கேட்கிறான்.