திருகோணமலையில் வெள்ளைத் திட்டுக் குதிரை: வாங்கலாமா?

வணக்கம் உறவுகளே. நான் உப்புவெளியில் இருக்கிறேன். கந்தளாய்ப் பக்கம் ஒருவர் செம்பழுப்பில் வெள்ளைத் திட்டுகள் கொண்ட ஆறு வயதுப் பெட்டைக் குதிரையை விற்கிறார். 'அசல் அமெரிக்கப் பெயின்ட்' என்று சொல்லித்தான் விலையை ஏற்றுகிறார்.

நான் அறிந்தவரை திட்டு மட்டும் இருந்தால் அது பின்டோ. அது நிறத்தின் பெயர். பெயின்ட் என்பது இனம். தாய் தகப்பன் பெயின்டாகவோ, குவார்ட்டர் குதிரை, தரோபிரெட் என்ற மற்ற இரு இனங்களில் ஒன்றாகவோ இருந்து, அமெரிக்கப் பெயின்ட் குதிரைச் சங்கத்தில் பதிவும் இருக்க வேண்டும். பதிவுத்தாளைக் கேட்டால் மனிதர் பேச்சை மாற்றுகிறார். நிறத்துக்காக இலட்சங்களைக் கொட்ட நான் தயாரில்லை. ஆனால் குதிரை சாது, கண்ணிலேயே நிற்கிறது.

கேட்பது இதுதான்: பல்லைப் பார்த்து வயதையும், நடக்கவிட்டுக் கால், குளம்பையும் சோதிக்கக்கூடிய, குதிரை பழகிய மிருக வைத்தியர் திருகோணமலையிலோ மட்டக்களப்பிலோ இருக்கிறாரா? லாடம் அடிக்கத் தெரிந்தவர்? பதிவில்லாத குதிரைக்கு இப்போது என்ன விலை நியாயம்? அண்மையில் வாங்கியவர்கள், விற்றவர்கள் சொல்லுங்கள்.

நெடுந்தீவில் திரியும் காட்டுக் குதிரையைப் பிடித்து வரச் சொல்லும் நண்பர்களுக்கு முன்கூட்டியே கும்பிடு. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும் என்கிறார் விற்பவர்.