புரோமினில் எத்தனை நியூட்ரான்? வேதியியல் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. மகள் ஒன்பதாம் வகுப்பு. ரெண்டு நாளா எங்க வீட்டுல அணுச் சண்டைதான்.

டியூஷனில் ஒரு குறுக்குவழி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்: அணு நிறையை முழு எண்ணாக்கு, அணு எண்ணை (புரோட்டான் எண்ணிக்கை) கழி, நியூட்ரான் வந்துவிடும். சோடியத்துக்குச் சரி: 23-ல் 11 போனால் 12. குளோரினில்தான் முதல் இடி. 35.5-ல் 17 போனால் 18.5. அரை நியூட்ரான் எங்கே இருக்கும்? அது சராசரி, இயற்கையில் முக்கால் பங்கு குளோரின்-35, கால் பங்கு குளோரின்-37 (பின்னால் வரும் எண்தான் நிறை எண், அதாவது ஓர் அணுவின் புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்த எண்ணிக்கை), அதனால் 18 அல்லது 20 என்று சமாளித்துவிட்டேன்.

புரோமினில் மாட்டிக்கொண்டேன். அணு எண் 35, அணு நிறை 79.9. 80 என்று வைத்து 45 எழுதியிருக்கிறாள். ஆனால் இயற்கையில் இருப்பது புரோமின்-79, புரோமின்-81 ரெண்டும்தான், ஏறக்குறைய பாதிப் பாதி. அப்படியென்றால் நியூட்ரான் 44 அல்லது 46. 45 உள்ள அணு இயற்கையில் கிடைப்பதே இல்லையே! தாமிரத்திலும் (63.5) இதே கூத்து.

கேள்வியில் நிறை எண் தராமல் அணு நிறை மட்டும் தந்தால் தேர்வில் என்ன எழுதுவது? விடை திருத்தும் ஆசிரியர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எலக்ட்ரான் கணக்கு பரவாயில்லை, குளோரைடு அயனிக்கு 18 என்று அவளே சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை பரீட்சை.