ஹெய்ம்டெக்ஸ்டில் கண்காட்சிக்கு ஃபிராங்க்ஃபர்ட்டில் எங்கே தங்கலாம்?

வணக்கம். கரூரில் மேசை விரிப்பு, கிச்சன் டவல் தயாரிக்கிறோம். வரும் ஜனவரியில், ஜெர்மனியில் நடக்கும் வீட்டு ஜவுளிக் கண்காட்சியான ஹெய்ம்டெக்ஸ்டிலில் முதல் தடவையாக ஸ்டால் போடுகிறோம். அண்ணன், நான், மெர்ச்சண்டைசர் தம்பி என மூன்று பேர்.

கண்காட்சி நாட்களில் ஃபிராங்க்ஃபர்ட் ஓட்டல் வாடகை எக்கச்சக்கமாக ஏறிவிடுகிறது. பக்கத்து ஊர்களான ஆஃபன்பாக் அல்லது மைன்ஸில் தங்கி எஸ்-பான் புறநகர் ரயிலில் வந்து போகலாமா? ஸ்டால் அமைக்கும் நாளில், குளிரில், பெரிய சாம்பிள் பெட்டிகளோடு ரயில் மாறுவதுதான் கவலை. விரிப்புகள் கசங்கிவிட்டால் தேய்த்துத்தான் மாட்ட முடியும். ஸ்டீம் அயர்ன் அங்கே வாடகைக்குக் கிடைக்குமா?

அண்ணனுக்குச் சர்க்கரை இருக்கிறது, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். அதனால் சமையலறை உள்ள வீடு என்றால் நல்லது. அப்புறம், ஷெங்கன் விசாவுக்கு ரத்து செய்யக்கூடிய புக்கிங் காட்டினால் போதுமா? போய் வந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.