மறுமொழி: ஸ்கங்க் வொர்க்ஸ் – ‘சாளைக்குழு’ எப்படி?

வணக்கம் ஐயா,

பெரிய கம்பெனிக்குள் தனி அதிகாரத்தோடு இயங்கும் சிறு குழுவை ஆங்கிலத்தில் ‘ஸ்கங்க் வொர்க்ஸ்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ப் பெயர் தேடும் பேச்சில் நீங்கள் எழுதியது:

> பெயரே நாற்றத்தில் பிறந்ததுதானே, ‘நாற்றப்பட்டறை’ என்றே வைத்துவிடலாம்.

படித்துச் சிரித்துவிட்டேன். கதை என்னவோ உண்மைதான். 1943-ல் அமெரிக்காவின் பர்பாங்கில் லாக்ஹீட் விமான ஆலைக்குள் இடமில்லாமல் பொறியாளர் கெல்லி ஜான்சன் வாடகைக்கு எடுத்த சர்க்கஸ் கூடாரத்தில் வேலையைத் தொடங்கினார். பக்கத்து பிளாஸ்டிக் ஆலையின் வாடை தாங்காத பொறியாளர் இர்வ் கல்வர், தொலைபேசியை எடுத்தபோது படக்கதை ஒன்றில் வரும் நாற்றம்பிடித்த காய்ச்சுமிடத்தின் பெயரைச் சொல்லிவைத்தார், அதுதான் ‘ஸ்கங்க் வொர்க்ஸ்’ ஆனது. ஆனால் எக்ஸ்பி-80 ஜெட் போர் விமானத்தை 143 நாளில் செய்து முடித்தது அந்த வாடையா?

ஜான்சனின் விதிகளைப் பாருங்கள். திட்ட மேலாளர் கையில் ஏறக்குறைய முழு அதிகாரம். வழக்கமான ஆள்பலத்தில் 10 முதல் 25 விழுக்காடு போதும், அதற்குமேல் ஈவிரக்கமின்றிக் குறை. வரைபடத்தைத் திருத்துவது எளிதாக இருக்கட்டும். (நான் முன்பு வேலை பார்த்த ஆலையில் ஒரு வாஷரின் தடிமனை மாற்ற ஐந்து கையெழுத்து வாங்க வேண்டும். நான்காவது ஆள் எப்போதும் லீவில் இருப்பார்.)

இன்னொரு நண்பர் சொன்ன ‘கரவுப்பட்டறை’ (கரவு என்றால் மறைவு) யு-2 உளவு விமானத்துக்குப் பொருந்தும், அது அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏவுக்காகச் செய்தது. 1977-ல் பால் மெக்ரெடி குழு பெடலை மிதித்தே பறக்கவைத்த காஸமர் காண்டர் விமானத்தை என்ன செய்வது? அங்கே ரகசியம் பெரிதில்லை. உடைந்தால் சட்டென்று ஒட்டி மறுபடி பறக்கவிடலாம் என்பதுதான் அதன் சூட்சுமம்.

பாலக்காட்டில் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தோட்டத்தில் போட்டிருக்கும் குடிலைச் சாளை என்போம். வீடு ஊருக்குள் இருந்தாலும் கிணறு, மாடு, வெள்ளாமை எல்லாம் சாளையிலிருந்துதான் நடக்கும். மடை திருப்ப ஊருக்குள் போய் யாரையும் கேட்க வேண்டியதில்லை. சொத்து என்னவோ ஒரே குடும்பத்தினுடையதுதான். கம்பெனிக்கும் இந்த மாதிரிக் குழுவுக்கும் உள்ள உறவு இதுதானே? அதனால் ‘சாளைக்குழு’. “சாளையில் செய்த விமானம்” என்று பேச்சிலும் எளிதாக வரும்.

களியக்காவிளைக்காரரான நீங்கள் “சாளை மீனா?” என்பீர்கள். இருக்கட்டும், நீங்கள் ஆசைப்பட்ட வாடை இலவசமாகச் சேர்ந்துவிடுகிறது.

எனக்குள்ள பயம் வேறு. தட்டச்சில் ளகரம் நழுவினால் சாலைக்குழு, அப்புறம் நெடுஞ்சாலைத் துறை என்று நினைத்துவிடுவார்கள். ‘சாளைப்பட்டறை’ என்று நீட்டினால் சரியாகுமா?