காலர் பேட்ஜில் 1.9, ஏப்ரனுக்குள் 0.1: வரம்பு தாண்டிவிட்டதா?

கேத்லேப்_டெக் கேட்டது:
ஆஞ்சியோ, ஸ்டென்ட் செய்யும் மருத்துவர் ஒருவரின் இந்த மாத டோசிமீட்டர் (உடலில் படும் கதிரை அளக்கும் பேட்ஜ்) அறிக்கையில் காலரில் ஈய ஏப்ரனுக்கு வெளியே 1.9 மில்லிசீவெர்ட் (கதிர் அளவின் அலகு), உள்ளே 0.1. போன மாதம் வரை காலர் 0.8-ஐத் தாண்டியதில்லை. இப்படியே போனால் ஆண்டுக்கு 22.8. வரம்பு 20 அல்லவா? கேஸ் எண்ணிக்கை கூடவில்லை, ஆனால் தொடைவழி குறைந்து ரேடியல் (மணிக்கட்டு வழி) அதிகமாகிவிட்டது. சீலிங் ஷீல்டும் (கூரையிலிருந்து தொங்கும் மறைப்பு) டேபிள் ஸ்கர்ட்டும் (மேசைக்குக் கீழே தொங்கும் ஈயத் திரை) இருக்கின்றன. எங்கிருந்து தேடத் தொடங்குவது?

கதிர்_இயற்பியல்:
20 என்ற எண் இரண்டு இடத்தில் வருவதால்தான் இந்தக் குழப்பம். ஐசிஆர்பி (சர்வதேசக் கதிர்ப் பாதுகாப்பு ஆணையம்) பரிந்துரைப்படி முழு உடலுக்கு ஐந்தாண்டுச் சராசரி ஆண்டுக்கு 20, எந்த ஓர் ஆண்டிலும் 50-க்கு மேல் போகக்கூடாது. கண்வில்லைக்கு 150 ஆக இருந்த வரம்பை ஐசிஆர்பி 2011-இல் இதே அளவுக்கு இறக்கியது; 0.5 கிரே (உடல் உறிஞ்சும் கதிரின் அலகு) அளவிலேயே கண்புரை வரலாம் என்பதுதான் காரணம்.

காலர் எண்ணை முழு உடல் அளவாக அப்படியே எடுக்கக்கூடாது. உள் பேட்ஜை 0.5-ஆலும் காலரை 0.025-ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள்: 0.05 + 0.0475, அதாவது மாதம் ஏறக்குறைய 0.1. ஆண்டுக்கு 1.2 தான், உடலுக்குக் கவலையில்லை. கண்ணுக்கு உண்டு. கண்ணுக்குக் காலர்தான் அளவுகோல். லெட் கண்ணாடி இல்லையென்றால் 22.8 என்ற உங்கள் கணக்கு கிட்டத்தட்ட சரி. பக்கவாட்டு மறைப்பும் முகத்தோடு ஒட்டும் ஃபிரேமும் உள்ள கண்ணாடி பாதியோ மூன்றில் ஒரு பங்கோ ஆக்கும், அதற்கு மேல் நம்ப வேண்டாம். சிதறல், அதாவது நோயாளியின் உடலில் பட்டுத் தெறிக்கும் கதிர், கீழிருந்து வருகிறது. கன்னத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே உள்ள சந்தில் நுழைந்துவிடும்.

ஷீல்டு_சந்து:
முதலில் மெஷினில் கேஸ்வாரி டேப் (DAP, ஒரு கேஸில் மெஷின் போட்ட மொத்தக் கதிரின் கணக்கு) அளவைப் பாருங்கள். அதுவும் இரட்டிப்பாகியிருந்தால் கோளாறு கதிர் போடும் விதத்தில். சர்வீசுக்குப் பிறகு ஃப்ளோரோ (வேலை செய்யும்போது பார்க்கும் நேரடி எக்ஸ்ரே படம்) நொடிக்கு 7.5 ஃபிரேமிலிருந்து 15-க்குப் போயிருக்கலாம். அல்லது ஃப்ளோரோ படத்தைச் சேமித்தாலே (ஃப்ளோரோ ஸ்டோர்) போதுமான இடத்திலும் சினி (உயர்தரப் பதிவு) ஓடுகிறது. சினியில் டோஸ் ஃப்ளோரோவைப் போல சுமார் பத்து மடங்கு.

டேப் பழையபடி இருந்து காலர் மட்டும் ஏறியிருந்தால் ஷீல்டும் நிற்கும் இடமும்தான். என் சந்தேகம் இதன்மேல். ரேடியலில் கை பலகையில் அகல விரிந்து கிடக்கும்போது ஷீல்டு அதில் இடிக்கும், தூக்கி ஒதுக்கிவிடுவார்கள். ஷீல்டின் அடிவிளிம்புக்கும் நோயாளியின் உடலுக்கும் நடுவே ஒரு கை நுழையும் சந்து இருந்தால் சிதறல் நேராக முகத்துக்கு வரும். அடியில் தொங்கும் ஈயப் பட்டைகள் உடலில் படிய வேண்டும். ஷீத் (ரத்தக்குழாயில் செருகும் குழாய்) போட்டதும் கையை உடலோடு ஒட்டி வையுங்கள், எக்ஸ்டென்ஷன் ட்யூப் போட்டு ஓரடி பின்னால் நில்லுங்கள்.

அடுத்து ஆங்கிள். எல்ஏஓ கிரேனியலில் (இடப்பக்கமும் தலைப்பக்கமும் சாய்த்து எடுக்கும் வியூ) படம் பிடிக்கும் டிடெக்டர் நோயாளியின் இடப்பக்கம் போகும், கதிர் வரும் ட்யூப் மருத்துவர் நிற்கும் பக்கம் வரும். கதிர் உடலில் நுழையும் பக்கத்தில்தான் சிதறல் பலம். அந்த வியூவில் சினி ஓட்டும்போது டிடெக்டரை மார்பை ஒட்டி இறக்கி, காலிமேட்டரை (கதிரின் அகலத்தைக் குறைக்கும் தகடுகள்) இறுக்கி, தேவைக்கு மேல் ஜூம் போடாமல் எடுங்கள்.

பேட்ஜ்_கணக்கு:
அதற்கு முன் பேட்ஜையே சந்தேகப்படுங்கள். உள்ளும் வெளியும் மாறியிருந்தால் உள்ளேதான் பெரிய எண் வந்திருக்கும், ஆக இங்கே அது இல்லை. ஆனால் ஏப்ரனை பேட்ஜோடு கழற்றி லேப் ஸ்டாண்டிலேயே மாட்டினால், அடுத்தவர் கேஸ் செய்யும்போதும் காலர் பேட்ஜ் எண்ணிக்கொண்டே இருக்கும். கன்ட்ரோல் பேட்ஜ் (யாரும் அணியாமல், பின்னணிக் கதிரை அளக்க வைப்பது) லேப்புக்குள் இருந்தால் நிலைமை தலைகீழ்: அதன் அளவை எல்லோர் கணக்கிலும் கழிப்பார்கள், எல்லோருக்கும் பொய்யாகக் குறைந்து காட்டும்.

கேத்லேப்_டெக்:
டேப் பார்த்தேன், மாற்றமில்லை. பேட்ஜ்கள் தனி அறையில்தான் இருக்கின்றன. அப்படியானால் ஷீல்டுதான். இன்னொன்று: கைக்கு லெட் கிளவுஸ் வாங்கச் சொல்கிறார்கள். பயன் உண்டா?

கதிர்_இயற்பியல்:
கை கதிருக்குள் போகாதவரை சிதறலைக் கொஞ்சம் குறைக்கும். போய்விட்டால் கெடுதல்தான்: ஈயத்தைப் பார்த்ததும் ஆட்டோ எக்ஸ்போஷர் (கதிரைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) கதிரை ஏற்றிவிடும், கைக்கும் கூடும், நோயாளிக்கும் கூடும். அந்தப் பணத்தில் ஷீல்டின் கிழிந்த பட்டைகளை மாற்றுங்கள். ஷீல்டைத் தாங்கும் கம்பியின் மூட்டு இறுக்கமாக, தானாகச் சரியாமல் நிற்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.