புதுப்பிப்பு: பழைய வாளியில் செடி - அடியில் ஜல்லி வேண்டாம்

பழைய பெயிண்ட் வாளி, தகர டின்னில் செடி வைப்பது பற்றிய முந்தைய பதிவில், அடியில் ஜல்லி போட்டும் வேர் அழுகுவது ஏன் என்ற கேள்வி வந்தது.

சிக்கலே ஜல்லிதான். மண்ணின் நுண்ணிய இடைவெளிகள் நீரைப் பிடித்து வைக்கும். கீழே பெரிய இடைவெளி வந்தால், மண் முழுக்க ஊறும்வரை நீர் அதில் இறங்காது. அடியில் இருக்கவேண்டிய சொதசொத மண் பகுதி ஜல்லிக்கு மேலே ஏறி வேருக்கு நெருக்கமாகிவிடும். ஜல்லியை எடுத்துவிட்டு முழுக்க மண்கலவையே நிரப்புங்கள்; மூன்றில் ஒரு பங்கு தேங்காய் நார்க்கழிவு சேரட்டும், வெறும் தோட்ட மண் இறுகிப்போகும்.

20 லிட்டர் வாளிக்கு 8 மி.மீ. துளைகள் ஆறேழு போதும். இரண்டு மூன்றைப் பக்கச் சுவரில், அடியிலிருந்து 2 செ.மீ. உயரத்தில் போடுங்கள்; தரையில் ஒட்டி உட்கார்ந்தாலும் அடைக்காது. மரக்கட்டை முட்டுக் கொடுத்து மெதுவாக ட்ரில் செய்தால் விரிசல் விடாது. மண் வழியாமலிருக்க ஒரு துண்டு கொசுவலை.

தகர டின் மாலை வெயிலில் வேரை வேகவைத்துவிடும், நிழலுக்கு மாற்றுங்கள். பூச்சிமருந்து, எஞ்சின் ஆயில் டப்பாக்கள்? எத்தனை முறை கழுவினாலும் கூடாது.